மதுரையில் நாடகம் போடப் போகிறீர்களா? முதலில் முகூர்த்த நாளைப் பாருங்கள்

நான் முதன்முதலாக நிர்வாகம் பார்த்த நாடகத்துக்கு வந்தவர்கள் 43 பேர். அதில் 11 பேர் நடிகர்களின் வீட்டார். இன்னும் இரண்டு பேர் பக்கத்து மண்டபத்துக் கல்யாணத்துக்கு வந்து வாசல் மாறி நுழைந்தவர்கள். மொய்க் கவரோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு இரண்டாம் காட்சியில்தான் எழுந்து போனார்கள். அது ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, வளர்பிறை முகூர்த்தம். பேசி வைத்திருந்த மைக் செட்காரர் மதியம் இரண்டு மணிக்குப் போன் செய்தார். "தம்பி, கோவிச்சுக்காதீங்க. கல்யாணம் ஒரு தடவைதான் நடக்கும். நாடகத்த அடுத்த வாரம்கூடப் போட்டுக்கலாம்ல?"

அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அந்த ஒரு வரியில்தான் நான் தொழில் கற்றேன். மதுரையில் ஒரு நாடகத்துக்குப் போட்டி இன்னொரு நாடகம் இல்லை, சினிமாவும் இல்லை. கல்யாணம்தான். மண்டபம், மைக் செட், ஜெனரேட்டர், நாற்காலி, வேன், மேக்கப் போடுகிறவர், கடைசியில் பார்க்க வரவேண்டிய ஆட்கள் எல்லோரையும் அது தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் புதிதாக நிர்வாகத்துக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வதெல்லாம் கல்யாணத்தை ஒட்டியேதான் இருக்கும். எப்போது அதை விட்டு விலக வேண்டும், எதை அதனிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் விஷயம்.

யார் எந்த வேலை

நாடக நிர்வாகம் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் அதில் இரண்டு ஆள் வேலை இருக்கிறது. உள்வேலை பார்ப்பவர் ஒத்திகை நேரம், பிரதி, மேடைப் பொருள், ஒளி, ஒலி எல்லாவற்றையும் கையில் வைத்திருப்பார். வெளிவேலை பார்ப்பவருக்கு அரங்கம், அனுமதி, பணம், ஆள் சேர்ப்பது. சின்னக் குழுவில் இரண்டையும் ஒருவர் தலையிலேயே கட்டிவிடுவார்கள். முடிந்தவரை ஒத்துக்கொள்ளாதீர்கள். நாடகத்தன்று மாலை ஆறு மணிக்கு வாசலிலும் மேடைக்குப் பின்னாலும் ஒரே ஆள் நிற்க முடியாது. இயக்குநர் தலையில் இந்த இரண்டில் எதையும் கட்டவே கூடாது. அவருக்கு இருக்கிற கவலை போதும்.

வேலையைப் பிரிப்பதற்கு நம் ஊரிலேயே நல்ல பாடம் இருக்கிறது. கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தைப் பாருங்கள். கதாநாயகனான ராஜபார்ட் ஓர் ஊர், கதாநாயகியான ஸ்திரீபார்ட் வேறு ஊர், கோமாளியான பபூனும் ஆர்மோனியக்காரரும் இன்னொரு ஊர். சேர்ந்து ஒத்திகை கிடையாது. மேடைக்குப் பின்னால் அன்று இரவுதான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். ஆனாலும் 'வள்ளி திருமணம்' பிசகாமல் நடக்கும். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துக் கொடுத்த பாட்டும் வசனமும் எல்லோருக்கும் மனப்பாடம் என்பது ஒரு காரணம். யாருக்கு என்ன வேலை, எவ்வளவு சம்பளம், எத்தனை மணிக்கு வரவேண்டும் என்பதெல்லாம் தேதி பேசும்போதே முடிவாகிவிடுகிறது என்பது இன்னொரு காரணம். நவீன நாடகக் குழுக்களில் ஆறு மாதம் ஒத்திகை பார்த்துவிட்டு, "நாற்காலியை யார் எடுத்துட்டு வர்றது?" என்று மேடையேறுகிற அன்றைக்குக் கேட்பார்கள். முதல் கூட்டத்திலேயே ஒரு தாளில் பெயரும் வேலையும் எழுதி எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவிடுங்கள்.

காலண்டரில் தொடங்குங்கள்

நாடகத்துக்குத் தேதி குறிக்கும் முன் கிழிக்கிற தினசரி காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நாட்களை எல்லாம் அடியுங்கள். அதற்கு முந்தின நாளையும் சேர்த்து அடியுங்கள், ஏனென்றால் வரவேற்பு முந்தின நாள் மாலையில்தான் இருக்கும். சித்திரைத் திருவிழாக் கொடியேற்றத்திலிருந்து, சித்ரா பௌர்ணமிக்கு ஆற்றில் இறங்கிய அழகர் மலைக்குத் திரும்பும் வரைக்கும் அடியுங்கள். பொங்கல் வாரம் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று ஊரே வாடிவாசல் பக்கம் போய்விடும். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் ஜவுளிக் கடைகள் நிறைந்த விளக்குத்தூண் பக்கம் நடக்கவே இடம் இருக்காது, அந்த நேரத்தில் நாடகம் பார்க்க யார் வருவார்கள்? மார்ச், ஏப்ரலில் பிள்ளைகளுக்குப் பரீட்சை. ஐப்பசி, கார்த்திகையில் மழை, அதுவும் சரியாக மாலையில்தான் பிடிக்கும்.

மிச்சம் என்ன? ஆடி, புரட்டாசி, மார்கழி. பெரும்பாலான வீடுகளில் கல்யாணம் வைக்காத மாதங்கள். மண்டபம் சும்மா கிடக்கும், வாடகை பேசலாம். மைக் செட்காரர் அவரே போன் செய்து "என்ன தம்பி, ஆளையே காணோம்" என்பார். சென்னைக்கு மார்கழி என்றால் கச்சேரி, நமக்கு மார்கழி என்றால் காலியான மண்டபம். என் அனுபவத்தில் ஆடிதான் எல்லாவற்றிலும் நல்லது. கல்லூரி திறந்து பிள்ளைகள் ஊரில் இருப்பார்கள், பரீட்சை தூரத்தில் இருக்கும், பெரிய மழை இருக்காது. கிராமத்துப் பக்கம் நாடகம் என்றால் மட்டும் ஆடியில் ஊர்த் திருவிழா எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கிழமை ஞாயிறு நல்லது, கடைத்தெரு ஆட்களும் வர முடியும். ஆனால் மதுரைக்காரர் ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு சாப்பிட்டுத் தூங்கி எழவே ஐந்தாகிவிடும். ஆறரைக்கு முன்னால் திரை தூக்கினால் பாதி நாற்காலி காலியாக இருக்கும். எட்டே காலுக்கு முடித்துவிடுங்கள். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலத்திலிருந்து வந்தவர்கள் மாட்டுத்தாவணியோ பெரியார் நிலையமோ போய்ப் பஸ் பிடிக்க வேண்டும். விடுதி மாணவிகளுக்கு வாசல் மூடும் நேரம் இருக்கிறது. முடியும் நேரத்தை நோட்டீஸிலேயே போட்டால், வரலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்கள் வருவார்கள்.

இடம் பார்க்கும்போது கையில் டேப் இருக்கட்டும்

ராஜா முத்தையா மன்றம், லட்சுமி சுந்தரம் ஹால் போன்ற பெரிய அரங்கங்கள் ஆசை காட்டும். முதல் நாடகத்துக்கு அங்கே போகாதீர்கள். 120 பேர் வந்தாலும் ஆளே இல்லாத மாதிரி இருக்கும், நடிகர்களுக்குக் குரல் உள்ளே போய்விடும். அதே 120 பேரை 150 நாற்காலி போட்ட இடத்தில் உட்கார வையுங்கள், "நல்ல கூட்டம்" என்று மறுநாள் ஊருக்குள் பேச்சு வரும். கல்லூரி அரங்கங்களைத் தமிழ்த் துறை அல்லது ஆங்கிலத் துறைப் பேராசிரியர் மூலமாகக் கேட்டுப் பாருங்கள். காந்தி அருங்காட்சியகத்தில் திறந்தவெளி அரங்கம் இருக்கிறது. அந்தக் கட்டடம் பழைய தமுக்கம் அரண்மனை. ராணி மங்கம்மாள் பேர் சொல்லும் இடத்தில் நம்ம நாடகம் என்பதில் ஒரு தனிச் சந்தோஷம் உண்டு.

இடம் பார்க்கப் போவது நாடகம் நடக்கும் அதே நேரத்தில் இருக்கட்டும். காலை பத்து மணிக்கு அமைதியாக இருக்கும் தெரு மாலை ஏழு மணிக்கு எப்படி இருக்கும் என்று கோரிப்பாளையம் பக்கம் நின்றவர்களுக்குத் தெரியும். நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டுங்கள். ஓசை திரும்பி வந்துகொண்டே இருந்தால் வசனம் புரியாது. ஓடு பதித்த கல்யாண மண்டபங்களில் இது நிச்சயம் இருக்கும், பின்சுவரில் கனமான துணி கட்டினால் கொஞ்சம் அடங்கும். மின்விசிறியைப் போட்டுவிட்டு ஒருவரைப் பேசச் சொல்லி கடைசி வரிசையில் இருந்து கேளுங்கள். விசிறியை நிறுத்தினால் வசனம் கேட்கும், ஆள் இருக்காது. ஓட விட்டால் ஆள் இருக்கும், வசனம் கேட்காது. இதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

மேடையின் அகலம், ஆழம், உயரம் மூன்றையும் அளந்து எழுதுங்கள். இரண்டு பக்கமும் நடிகர் மறைந்து நிற்க இடம் உண்டா? மணமக்கள் சோபாவை நகர்த்த முடியுமா, அல்லது சிமெண்டிலேயே கட்டி வைத்திருக்கிறார்களா? பார்வையாளர் பக்க விளக்குக்கும் மேடை விளக்குக்கும் தனித்தனி சுவிட்சா? ஒரு மண்டபத்தில் எல்லாம் ஒரே சுவிட்சில் இருந்தது. இருட்டு வேண்டும்போதெல்லாம் வாட்ச்மேன் மெயினையே இறக்கினார், மைக்கும் சேர்ந்து செத்தது.

மின்சாரக் கணக்கு பயப்படும்படி ஒன்றும் இல்லை. பார் (PAR) லைட் என்கிற பழைய மேடை விளக்கு ஒன்று 1000 வாட் என்றால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 4.3 ஆம்பியர் இழுக்கும். சுவரில் இருக்கும் 15 ஆம்பியர் பிளக்கில் மூன்று மாட்டலாம், நான்காவது மாட்டினால் ஃபியூஸ் போகும். பத்து விளக்கு என்றால் 43 ஆம்பியர், அதற்குத் தனி இணைப்போ ஜெனரேட்டரோ வேண்டும். இப்போது வாடகைக்குக் கிடைக்கும் எல்.ஈ.டி. பார்களுக்கு இந்தத் தலைவலி ரொம்பக் குறைவு. ஆனால் மலிவானவை மங்கலாகக் குறையாமல் பட்டென்று அணையும், அதனால் கடையிலேயே போட்டுப் பார்த்து எடுங்கள். லைட் கடைக்காரருக்கு நாடகம் என்றால் என்னவென்று தெரியும் என்று நினைக்காதீர்கள். அவர் பார்த்ததெல்லாம் ரிசப்ஷன் மேடை. "அண்ணே, கலர் மாறிக்கிட்டே இருக்கக் கூடாது, நான் சொல்றப்ப மட்டும் மாறணும்" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

காகித வேலை

முன்பு நாடகப் பிரதியைப் போலீஸில் கொடுத்து அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 1954-ம் ஆண்டு தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013-ல் ரத்து செய்தது. வழக்குப் போட்டவர் பரீக்‌ஷா நாடகக் குழுவின் ஞாநி. வெள்ளைக்காரன் காலத்து 1876 சட்டமும் இப்போது நடைமுறையில் இல்லை. ஆனாலும் மண்டபக்காரர்கள் "ஸ்டேஷன்ல சொல்லிட்டீங்களா?" என்று கேட்பார்கள். தேதி, நேரம், இடம், எத்தனை பேர் வருவார்கள், யார் பொறுப்பு என்று ஒரு கடிதம் எழுதிக் காவல் நிலையத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிரதியைக் கேட்டால் தீர்ப்பைப் பற்றிப் பணிவாகச் சொல்லலாம், சண்டை வேண்டாம்.

திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்க எழுத்து மூலம் அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது என்பது 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதி. மூடிய அரங்கத்துக்குள் அங்கே இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படி வைக்கலாம்.

பிரதியின் உரிமையை இளைஞர்கள் ரொம்ப அலட்சியமாக விடுகிறார்கள். எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை குடும்பத்துக்கு உண்டு. சிறுகதையை நாடகமாக்கினாலும் அனுமதி வேண்டும். வாய்ப்பேச்சு போதாது, எழுதி வாங்குங்கள். பெரும்பாலான எழுத்தாளர்கள் சந்தோஷமாகக் கொடுப்பார்கள், கேட்காமல் போட்டால்தான் வருத்தப்படுவார்கள். சினிமாப் பாட்டை நடுவில் ஓட விடுவதற்கும் உரிமம் தேவை. அதற்குச் செலவழிப்பதைவிட ஓர் ஆர்மோனியக்காரரையும் மிருதங்கக்காரரையும் கூப்பிடுங்கள். மதுரையில் இருந்துகொண்டு ஆர்மோனியத்துக்கு ஆள் இல்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

காசு

கணக்கை வருமானத்தில் இருந்து தொடங்குங்கள். 200 நாற்காலி, ஆளுக்கு 150 ரூபாய், முக்கால் அரங்கம் நிறையும் என்று மனசு சொல்லும். பாதிக்குச் சற்று மேல் என்று போடுங்கள். 120 பேர், 18,000 ரூபாய். இதற்குள் அரங்க வாடகையும் ஒளியும் ஒலியும் அடங்கவில்லை என்றால் மிச்சத்துக்கு யார் பொறுப்பு என்று இப்போதே பேசுங்கள். கடைசியில் நிர்வாகி சட்டைப் பையில் இருந்து போவதுதான் வழக்கம், நான் அப்படி ஒரு மோட்டார் சைக்கிளின் முன்பணத்தை இழந்திருக்கிறேன்.

நாடக டிக்கெட் ஆளுக்கு 500 ரூபாய்க்கு மேல் போகாதவரை அதற்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. இலவசமாகப் போட்டுவிட்டுக் கடைசியில் துண்டேந்துவதும் இங்கே பழகிய முறைதான். ஆனால் இலவசம் என்றால் "முடிஞ்சா வர்றேன்" என்பார்கள். ஐம்பது ரூபாய் கொடுத்து நன்கொடைச் சீட்டு வாங்கியவர் வந்துவிடுவார், அந்த ஐம்பது ரூபாய் அவரைப் போட்டுப் பிடுங்கும். மாணவர்களுக்குப் பாதி விலை வையுங்கள்.

கடைகளிடம் விளம்பரம் கேட்கப் போனால், பணத்துக்குப் பதில் பொருளாகக் கேளுங்கள். அச்சகத்தார் நோட்டீஸ் அடித்துத் தரட்டும், சாப்பாட்டுக் கடைக்காரர் இருபது பேருக்கு இட்லி தரட்டும். அவர்களுக்கும் எளிது, நமக்கும் செலவு மிச்சம். சென்னையில் இருக்கும் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தின் நிதி உதவி அறிவிப்புகளையும் கவனியுங்கள், ஆனால் அந்தப் பணத்தை நம்பித் தேதி குறிக்காதீர்கள்.

விளம்பரம் வேறு, அழைப்பு வேறு

மதுரையில் விளம்பரத்துக்குப் பஞ்சம் இல்லை. காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, கட்சி மாநாடு, பிறந்தநாள் என்று சுவரில் ஓர் அங்குலம் மிச்சம் இருக்காது. அதன் நடுவே உங்கள் போஸ்டர் ஒட்டினால் இரண்டு ராத்திரி தாங்கும், மூன்றாம் ராத்திரி அதன் மேல் வேறு ஒன்று ஏறியிருக்கும். அதனால் போஸ்டரை இரண்டு வாரம் முன்னால் ஒட்டிப் பயன் இல்லை. நாடகத்துக்கு இரண்டு நாள் முன்னால், கல்லூரி வாசல்கள், டீக்கடைகள், நூலகம் என்று இடம் பார்த்து ஐம்பது ஒட்டினால் போதும். ஒட்டுகிறவரோடு முதல் தடவை நீங்களும் இரவில் கூடப் போங்கள். பசை வாளியும் பிரஷும் வைத்துக்கொண்டு அவர் சுவரைப் பார்க்கும் விதமே தனி. "இங்க வேணாம், காலைல பஸ் நின்னா மறைச்சிரும்" என்பார். அந்த அறிவு எந்த விளம்பர நிறுவனத்திடமும் கிடைக்காது. அனுமதி இல்லாத ஃபிளெக்ஸ் மட்டும் வேண்டாம், மாநகராட்சி எடுத்துவிடும், பணமும் போகும்.

நோட்டீஸை எப்படி எழுதுவது என்று கேட்பவர்களுக்கு நான் ஸ்பெஷல் நாடக நோட்டீஸைக் காட்டுவேன். அதில் ஒவ்வொரு நடிகரின் படமும் இருக்கும், பெயருக்கு முன்னால் ஊர் பெயர் இருக்கும். அந்த ஊர்க்காரர் பார்த்தால் "அட, நம்ம ஊரு" என்று நிற்பார். நம் குழுக்கள் அடிக்கிற நோட்டீஸில் ஒரு முகமூடிப் படமும் புரியாத இரண்டு வரியும் இருக்கும், இடம் எங்கே என்பது மூலையில் எறும்பு மாதிரி கிடக்கும். தேதி, நேரம், இடம், எந்தப் பஸ் நிறுத்தம், எவ்வளவு, யாரிடம் சீட்டு என்பதெல்லாம் கண்ணாடி போடாமல் படிக்கத் தெரிய வேண்டும். கதை என்ன என்பதை ஒரே வரியில் சொல்லுங்கள். "அதிகாரத்தின் மீதான விசாரணை" என்று எழுதினால் யாரும் வரமாட்டார்கள். "ரேஷன் கார்டில் செத்துப்போனவர் என்று பதிவான ஒருவர் தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க அலைகிறார்" என்று எழுதினால் வருவார்கள்.

நாளிதழ்களின் மதுரைப் பதிப்பில் அன்றன்றைய நிகழ்ச்சிகளுக்குச் சின்னப் பகுதி வரும். காசு கிடையாது. மூன்று நாள் முன்பே நாலு வரி எழுதிக் கொடுங்கள், முந்தின நாள் ஒரு தடவை நினைவுபடுத்துங்கள். பேட்டிக்கு ஆசைப்பட்டால் செய்தியாளரை ஒத்திகைக்கே அழைத்து, படம் எடுக்கும்படி விளக்கும் உடையும் தயாராக வையுங்கள். மதுரை வானொலிக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் முப்பது விநாடி வீடியோவும் கட்டாயம் வேண்டும், ஆனால் அதை 900 பேர் பார்த்தார்கள் என்பதை 900 பேர் வருவார்கள் என்று படிக்காதீர்கள்.

இதையெல்லாம் செய்த பிறகும் அரங்கம் பாதிதான் நிறையும். மிச்சப் பாதிக்குக் கல்யாண வீட்டைப் பாருங்கள். அங்கே பத்திரிகை அடிப்பதோடு யாரும் நிறுத்துவதில்லை. வெற்றிலை பாக்கு வைத்து, வீடு தேடிப் போய், "குடும்பத்தோட வந்துரணும்" என்று சொல்வார்கள். பத்திரிகையைத் தபாலில் அனுப்பினால் "மதிக்கல" என்று நம் ஊரில் பேச்சு வரும். நாடகத்துக்கும் அதேதான். எங்கள் குழுவில் 14 பேர். ஒவ்வொருவரும் பத்துப் பேரை நேரில் பார்த்தோ போனிலோ, பெயர் சொல்லி அழைக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். பத்துப் பேர் பட்டியலை எழுதிக் காட்டினால்தான் ஒத்திகையில் டீ. 140 பேரில் எழுபது எண்பது பேர் நிச்சயம் வருவார்கள்.

அப்புறம் ஏற்கெனவே கூடிப் பழகிய கூட்டங்களைத் தேடிப் போங்கள். இலக்கிய அமைப்புகள், வாசகர் வட்டங்கள், ஆசிரியர் சங்கங்கள், தொழிற்சங்கங்கள். தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் 1975-ல் தொடங்கப்பட்டதே மதுரையில்தான். இந்த ஊரில் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்து கேட்கும் பழக்கம் ஆழமாக இருக்கிறது. அவர்கள் மாதக் கூட்டத்துக்கு நீங்கள் போய் உட்கார்ந்து, கடைசியில் இரண்டு நிமிடம் கேட்டு வாங்கி அழையுங்கள். தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா நடக்கும் நாட்கள் என்றால் நோட்டீஸ் கொடுக்க அதைவிட நல்ல இடம் இல்லை. அங்கே நோட்டீஸை வாங்கிக் கீழே போடுகிறவர்கள் குறைவு.

சிறப்பு விருந்தினர் விஷயத்தில் மட்டும் கையைக் கட்டுங்கள். ஒரு விருந்தினர் வந்தால் பொன்னாடை, அவரோடு நாலு பேர், அவர்களுக்கும் பொன்னாடை, இல்லாவிட்டால் துண்டு, பிறகு ஆளுக்கு ஐந்து நிமிடம். திரை தூக்கும் முன்னாலேயே முக்கால் மணி நேரம் போய்விடும். இருட்டில் வசனம் நினைத்துக்கொண்டு நிற்கும் நடிகர் வியர்த்து மேக்கப் கலைந்து நிற்பார். மரியாதை எல்லாம் நாடகம் முடிந்த பிறகு. முன்னால் வேண்டும் என்று அடம் பிடிப்பவர் வராவிட்டாலும் பரவாயில்லை.

பிரதிக்குள்ளே உங்கள் பிரதி

உள்வேலை பார்ப்பவர் கையில் ஒரு தனிப் பிரதி இருக்க வேண்டும். தாளின் ஒரு பக்கம் மட்டும் அச்சு, எதிர்ப்பக்கம் காலி. அந்தக் காலிப் பக்கத்தில்தான் உங்கள் நாடகம் நடக்கும். யார் எந்தப் பக்கமிருந்து வருகிறார், கையில் என்ன, எந்தச் சொல்லில் விளக்கு மாறுகிறது, எந்தச் சொல்லில் ஒலி என்று பென்சிலில் எழுதுங்கள். பேனா வேண்டாம், இயக்குநர் கடைசி நாள் வரைக்கும் மாற்றிக்கொண்டே இருப்பார்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் எண் கொடுங்கள். ஒரு பக்கம் இப்படி இருக்கும்: வசனத்தில் "கதவைச் சாத்து" என்பதற்கு இரண்டு வரி மேலே 'விளக்கு 7 தயார்' என்று எழுதியிருக்கும். "சாத்து" என்ற சொல்லின் கீழே கோடு, எதிரே 'விளக்கு 7 போ'. தயார் என்றதும் விளக்குக்காரர் "தயார்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் வாயால் சொன்னால்தான் கை சுவிட்சில் இருக்கிறது என்று அர்த்தம். "போ" என்ற சொல்லை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள். ஒரு தடவை டீ கொண்டுவந்த பையனை நான் "போ, போ" என்று விரட்ட, மேடையில் நட்டநடு அழுகையில் இருட்டு விழுந்தது. விளக்குக்காரர் மேல் தப்பே இல்லை.

வசனம் சொல்லாமல் வெறும் மாற்றங்களை மட்டும் வரிசையாக ஓட்டிப் பார்ப்பதற்கு அரங்கத்தில் குறைந்தது நாலு மணி நேரம் வேண்டும். மண்டபத்தை ஒரே நாள் எடுத்திருந்தால் காலை எட்டு மணிக்கே நுழைய முடியுமா என்று வாடகை பேசும்போது கேளுங்கள். முந்தின நாள் ராத்திரி கிடைத்தால் இன்னும் நல்லது. ஆடி மாதத்தில் தயங்காமல் கொடுப்பார்கள்.

மேடைப் பொருள்களுக்கு ஒரு மேசை, மேசை மேல் பழைய போஸ்டரைத் திருப்பிப் போட்டு, ஒவ்வொரு பொருளுக்கும் கட்டம் வரைந்து பெயர் எழுதுங்கள். செம்பு, கடிதம், மூக்குக் கண்ணாடி, அரிவாள். கட்டம் காலியாக இருந்தால் பொருள் மேடையில் இருக்கிறது அல்லது தொலைந்துவிட்டது. அந்த மேசையில் யாரும் செல்போன் வைக்கக் கூடாது, டீ டம்ளர் வைக்கவே கூடாது.

அன்றைக்கு

நடிகர்கள் இரண்டு மணி நேரம் முன்னால் வந்தாக வேண்டும். வந்ததும் தாளில் கையெழுத்து. அரை மணி, கால் மணி, ஐந்து நிமிடம் என்று மூன்று தடவை குரல் கொடுங்கள், அவர்கள் பதில் சொல்லும் வரை அடுத்த ஆளிடம் போகாதீர்கள். மதியச் சாப்பாடு லேசாக இருக்கட்டும். பரோட்டாவும் சால்னாவும் நாடகம் முடிந்த பிறகு. தீயணைப்புக் கருவி எங்கே இருக்கிறது, பின்வாசல் பூட்டு யாரிடம் இருக்கிறது என்று நீங்களே போய்ப் பாருங்கள். சூடான விளக்குக்கும் திரைக்கும் நடுவே ஓர் ஆள் அளவு இடைவெளி இருக்க வேண்டும்.

வாசலில் நிற்பவர் கையில் ஒரு நோட்டு கொடுங்கள். மொய் நோட்டு மாதிரியேதான். பெயர், ஊர், போன் எண், யார் அழைத்து வந்தார். மொய் எழுதுகிறவர் சத்தமாக ஊர் பெயரைக் கேட்பது போல இவரும் கேட்டு எழுதட்டும், வந்தவருக்கும் ஒரு மரியாதை. இந்த நோட்டுதான் அடுத்த நாடகத்துக்கு உங்கள் முதலீடு. எங்களிடம் இப்போது நான்கு நோட்டுகள் இருக்கின்றன. அதில் உள்ள ஒருவர் வீட்டில் விசேஷம் என்றால் நாங்களும் போய்விடுவோம். மொய் செய்தவருக்குத் திருப்பிச் செய்ய வேண்டும் அல்லவா?

சரியாக ஆறரைக்குத் தொடங்குங்கள். பத்து நிமிடம் காத்திருந்தால் அடுத்த தடவை எல்லோரும் பத்து நிமிடம் பிந்தி வருவார்கள். பிந்தி வந்தவர்களைக் காட்சி மாறும்போது மட்டும் பின்வரிசையில் விடுங்கள்.

முடிந்த பிறகு

நடிகர்கள் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் மேசையில் உள்ள கட்டங்களைப் பாருங்கள். பொருள்கள் அன்று ராத்திரியே பெட்டிக்குள் போக வேண்டும், மறுநாள் தேடினால் பாதிதான் இருக்கும். மைக் செட், லைட், வேன், ஆர்மோனியம் எல்லோருக்கும் பேசிய பணத்தை அங்கேயே எண்ணிக் கொடுத்து, ஒரு சீட்டில் கையெழுத்து வாங்குங்கள். "நாளைக்குத் தர்றேண்ணே" என்று ஒரு தடவை சொன்னால் அடுத்த ஆடிக்கு அவர் போனை எடுக்க மாட்டார்.

மண்டபத்தை ஒப்படைக்கும்போது வாட்ச்மேனைக் கூட்டிக்கொண்டு சுற்றி வாருங்கள். அவர் பல்பை எண்ணுவார், கழிவறைக் குழாயைத் திறந்து பார்ப்பார், நாற்காலியைப் பத்துப் பத்தாக அடுக்கச் சொல்வார். அடுக்கிக் கொடுத்துவிட்டு டீக்குக் காசு கொடுங்கள். மறுநாள் பதினோரு மணிக்கு அட்வான்ஸ் திரும்ப வாங்கப் போகும்போது ரசீதை மறக்காதீர்கள். கையில் அடுத்த வருஷத்துக் காலண்டர் இருந்தால் அப்படியே ஆடி மாதத்து இரண்டாம் ஞாயிறு காலியாக இருக்கிறதா என்று கேட்டு, ஐநூறு ரூபாயை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.